கூடிக் கேட்பதே சுகம்!

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: பிடித்த வலையொலியை முழுமையாக அனுபவிப்பது தனியே காதில் கேட்பதிலா, பதிவு நடக்கும் அரங்குக்கே போய்க் கேட்பதிலா? ‘அரங்குக்கே போய்’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! எதிரணியில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அருமை நண்பர்களே! (சிரிப்பு) நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் தம்பிமார்களே, தாய்மார்களே, வீட்டில் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகிப் போய்த் தொலைக்காட்சி முன்னால் சாய்ந்திருக்கும் நேயப் பெருமக்களே! 

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் அருமையாகப் பேசினார்கள். “ஒரு குரல், இரண்டு காது, இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? கூட்டம் எதற்கு? அரங்கம் எதற்கு?” என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு என்ன செய்தார்கள், கவனித்தீர்களா? கொஞ்சம் நிறுத்தினார்கள். எதற்கு நிறுத்தினார்கள்? நீங்கள் கை தட்டுவதற்கு! (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, என் வாதம் அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் போக்குவரத்துப் படி கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். பேசாமல் இறங்கினால் நியாயமில்லை.

முதலில் ஒரு சின்ன விஷயம். தமிழ் வாத்தியார் புத்தி, போகாது. போட்காஸ்ட் என்பதற்கு நாம் வைத்திருக்கிற பெயர் வலையொலி. ‘லை’, மேல்நோக்கு லகரம், பொது ளகரம் இல்லீங்க. இணையவலையில் வருகிற ஒலி, அதனால் வலையொலி. எதிரணித் தம்பி ஒருவர் மூன்று தடவை ‘வளையொலி’ என்றார். தம்பி, அது வளையல் சத்தம். அதைக் கேட்கவும் ஆசைதான், ஆனால் அதற்கு நீங்கள் முதலில் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். (சிரிப்பு)

அந்த இங்கிலீஷ் வார்த்தை பிறந்த கதையும் சுவையானது. ஆப்பிள் நிறுவனத்தார் ஐபாட் என்று ஒரு சின்னப் பாட்டுப் பெட்டியை 2001-ல் விற்க ஆரம்பித்தார்கள். 2004 பிப்ரவரியில் லண்டன் கார்டியன் பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி என்கிற எழுத்தாளர், ஐபாடையும் பிராட்காஸ்டையும் ஒட்டவைத்து போட்காஸ்ட் என்று எழுதினார். பெயர் கொடுத்த அந்தப் பெட்டியை 2022-ல் நிறுத்திவிட்டார்கள். பெட்டி போய்விட்டது, பெயர் நிற்கிறது. நம்ம ஊரில் ஜமீன் போன பிறகும் ஜமீன்தார் நிற்கிற மாதிரி.

சரி, எதிரணியினர் சொன்னதற்கு வருகிறேன். சமைத்துக்கொண்டே கேட்கலாம், துணி மடித்துக்கொண்டே கேட்கலாம், படுத்துக்கொண்டே கேட்கலாம் என்றார்கள். எல்லாம் உண்மை. படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஒரு பெரியவருக்கு, கண் தெரியாத ஒரு பிள்ளைக்கு, அந்தக் குரல் எவ்வளவு பெரிய துணை! அதை மறுக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை. நடுவர் அவர்களே, அந்த மதிப்பெண்ணை அவர்களுக்கே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் கேட்கிறேன். கால் நன்றாக இருக்கிறவனுக்கு என்ன வந்தது? எழுந்து போக வேண்டியதுதானே! தலைப்பு ‘முழுமையாக’ என்கிறது. முழுமையாக அனுபவிப்பது எப்படி என்பதுதான் கேள்வி. துணி மடித்துக்கொண்டே கேட்டால் துணியும் முழுசாக மடியாது, பேச்சும் முழுசாக ஏறாது.

இது இன்றைக்கு நேற்று வந்த ஆசை இல்லை. சார்லஸ் டிக்கன்ஸ் தெரியுமல்லவா? பெரிய நாவலாசிரியர். 1858-லிருந்து தன் கதைகளைத் தானே மேடையில் படித்துக் காட்டக் கட்டணம் வைத்தார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல், ஒரு முகம். 1867-ல் அமெரிக்காவுக்குப் போனார். டிக்கெட்டுக்காக அந்தக் கடுங்குளிரில் இரவெல்லாம் வரிசையில் கிடந்தார்கள் ஜனங்கள். யார் அவர்கள்? கதை தெரியாதவர்களா? இல்லைங்க. ‘கிறிஸ்மஸ் கேரல்’ புத்தகம் வந்தது 1843-ல். வீட்டில் புத்தகம் இருக்கிறது, முடிவு தெரியும், யார் திருந்துவார் என்று தெரியும். எல்லாம் தெரிந்தவர்கள்தான் பனியில் நின்றார்கள். தெரியாததைத் தெரிந்துகொள்ளப் போகவில்லை, தெரிந்ததைச் சேர்ந்து கேட்கப் போனார்கள். நம்ம ஊரில் ராமன் வில்லை ஒடிப்பான் என்று தெரியாமலா கோயில் வாசலில் விடிய விடிய உட்கார்ந்து கதாகாலட்சேபம் கேட்டோம்?

வள்ளுவர் பெருமானைப் பாருங்கள். கேள்வி என்று ஓர் அதிகாரம் வைத்தார், நாற்பத்திரண்டாவது. அது எதிரணிக்கு. அப்புறம் அவையறிதல், அவையஞ்சாமை, எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று. அது எங்கள் அணிக்கு. கேள்விக்கு ஒன்று, அவைக்கு இரண்டு! கணக்கு வாத்தியார் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எது பெரிசு? (கைதட்டல்)

இந்த வலையொலியில் பாதி பழைய வானொலியின் பேரப்பிள்ளைதான். லண்டனில் பிபிசிக்காரர்கள் 1932-ல் பிராட்காஸ்டிங் ஹவுஸ் என்று ஒரு கட்டடம் திறந்தார்கள். வானொலி நிலையம்! கண்ணுக்குத் தெரியாத குரலை அனுப்புகிற இடம். அதற்குள்ளே ஓர் அரங்கத்தையும் சேர்த்துக் கட்டினார்கள், ஜனங்கள் வந்து உட்கார. இன்றைக்கும் அங்கே நகைச்சுவை நிகழ்ச்சிகளைக் கூட்டத்தை வைத்துத்தான் பதிவு செய்கிறார்கள். டிக்கெட் இலவசம். ஆனால் எல்லோரும் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, நாற்காலியைவிட அதிகமாகவே சீட்டு கொடுப்பார்கள். முன்னால் வந்தவனுக்கு இடம். நம்ம ஊர்க் கல்யாணப் பந்தி மாதிரி!

அவர்கள் நிகழ்ச்சி ஒன்றின் பெயர் ‘ஜஸ்ட் எ மினிட்’. 1967 டிசம்பரில் ஆரம்பித்தது, இப்போது வலையொலியாகவும் வருகிறது. விதி மூன்றே மூன்று. ஒரு தலைப்புக் கொடுப்பார்கள், ஒரு நிமிடம் பேச வேண்டும். தயங்கக்கூடாது. சொன்ன வார்த்தையைத் திரும்பச் சொல்லக்கூடாது. தலைப்பை விட்டு விலகக்கூடாது. நடுவர் அவர்களே, இந்த மூன்று விதியை இங்கே கொண்டுவந்தால் நாங்கள் ஆறு பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான்! (பலத்த சிரிப்பு) இயான் மெசிட்டர் என்பவர் உருவாக்கியது. பள்ளிக்கூடத்தில் அவர் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாத்தியார் எழுப்பி, “இவ்வளவு நேரம் நான் சொன்னதை ஒரு நிமிஷம் தடுமாறாமல் சொல்” என்றாராம். அந்தத் தண்டனைதான் நிகழ்ச்சியாகிவிட்டது. வாத்தியார் கொடுக்கிற தண்டனை வீண்போகாது என்பதற்காக இதைச் சொல்கிறேன், பெற்றோர்கள் கவனிக்கவும்.

அந்த நிகழ்ச்சிக்கு நடுவர் நிக்கோலஸ் பார்சன்ஸ். 1967-ல் உட்கார்ந்தவர் 2018 வரைக்கும் ஒரு பதிவைக்கூடத் தவறவிடவில்லை. 2019 வரை அந்த நாற்காலியில் இருந்தார். நம் நடுவர் அவர்கள் நேற்று ரயிலைத் தவறவிட்டார்கள், அது வேறு கதை.

அமெரிக்காவில் இன்னொன்று. ‘எ ப்ரெய்ரி ஹோம் கம்பேனியன்’ என்று ஒரு வானொலி நிகழ்ச்சி. 1974 ஜூலை 6, மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரத்தில் ஒரு கல்லூரி அரங்கில் முதல் நிகழ்ச்சி. வந்த கூட்டம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழப் பன்னிரண்டு பேர்! நம்ம ஊரில் பன்னிரண்டு பேர் என்றால் மைக்செட்காரரையும் டீ கொண்டுவந்த பையனையும் சேர்த்துத்தான். அதே நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் லட்சக்கணக்கானவர்கள் வானொலியில் கேட்டார்கள். ஆனாலும் கூட்டத்தை வைத்துப் பதிவு செய்வதை அவர்கள் விடவில்லை. கேட்பவன் எத்தனை லட்சமாக இருந்தாலும், பேசுகிறவனுக்கு எதிரே நாலு முகம் வேண்டும்.

அந்த முகம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1950-களில் சார்லஸ் டக்ளஸ் என்கிற ஒலிப்பதிவாளர் ஒரு பெட்டி செய்தார். சிரிப்புப் பெட்டி! ஹார்மோனியம் மாதிரி கட்டைகள். ஒன்றை அழுத்தினால் லேசான சிரிப்பு, இன்னொன்றை அழுத்தினால் விழுந்து விழுந்து சிரிப்பு. அந்தப் பெட்டியை யாரும் திறந்து பார்க்காமல் பூட்டுப் போட்டு வைத்திருந்தாராம் மனுஷன். நான் எதிரணியைக் கேட்கிறேன். தனியாகக் கேட்டாலே போதும் என்றால், வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறவனுக்காக எதற்காக ஐயா அடுத்தவன் சிரிப்பைப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள்? (கைதட்டல்) ராபர்ட் புரொவைன் என்று ஓர் அமெரிக்க ஆராய்ச்சியாளர். சிரிப்பைப் பற்றியே பல வருஷம் ஆராய்ந்தவர். மனிதன் தனியாக இருக்கும்போது சிரிப்பதைப்போல, கூட்டத்தில் இருக்கும்போது முப்பது மடங்கு சிரிக்கிறான் என்று கண்டார். தனியாகச் சிரித்தால் நம்ம ஊரில் வேற மாதிரி அர்த்தம் பண்ணிவிடுவார்கள் என்பது கூடுதல் தகவல்.

இதை நான் ஆராய்ச்சியில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லைங்க. 2020-ல் கொரோனா வந்தது. எல்லாப் பட்டிமன்றமும் வீட்டிலிருந்தபடியே கணினி முன்னால். நானும் பேசினேன். மேலே சட்டை, துண்டு, விபூதி எல்லாம் சரியாக இருக்கும், கீழே லுங்கி. (சிரிப்பு) ஒரு நகைச்சுவை சொன்னேன். முப்பது வருஷமாக எந்த ஊரிலும் தோற்காத நகைச்சுவை. சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தேன். அமைதி. திரையில் ஆறு சதுரம், ஆறும் வாயைப் பூட்டி வைத்திருக்கிறது. எனக்கு வேர்த்துவிட்டது. அப்போது அடுக்களையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். என் மனைவி. நூறு தடவை கேட்ட நகைச்சுவை அது, அவளுக்கு மனப்பாடம். பாவம், எனக்காகச் சிரித்தாள். அன்றைக்கு அந்தப் பட்டிமன்றத்தில் நான் பேசி முடித்தது அந்த ஒரு சிரிப்பின் பலத்தில்தான்.

2021-ல் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது.

(அமைதி)

இல்லை, இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எனக்கு ஒரே மகள். 2018-லிருந்து லண்டனில் இருக்கிறாள், மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை. வாரத்தில் நாலு நாள் இரவுப் பணி. அம்மா போனபோது அவளால் வர முடியவில்லை. அந்த நேரம் விமானம் இல்லை, உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு தினமும் போனில் பேசுவாள். “சாப்பிட்டீங்களாப்பா?” “சாப்பிட்டேம்மா. நீ?” “சாப்பிட்டேன்பா.” “மாத்திரை?” “போட்டேம்மா.” அவ்வளவுதான். நான் மேடையில் மூன்று மணி நேரம் பேசுகிற ஆள். என் மகளிடம் பேச எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் இல்லை. அவளும் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்க மாட்டாள். நானும் எடுக்க மாட்டேன்.

2024-ல் கோடை விடுமுறைக்கு அவளிடம் போனேன். போய்ப் பார்த்தால், எந்நேரமும் காதில் அந்த வெள்ளை மொட்டு இரண்டு. பாத்திரம் கழுவும்போது, பேருந்தில், தூங்கப் போகும்போது. “என்னம்மா கேக்குற?” என்றேன். “ஒரு போட்காஸ்ட்பா. மூணு பேர் பேசுவாங்க. தோத்துப்போன கண்டுபிடிப்புகளைப் பத்தி.” தோற்றுப்போனதைப் பற்றிப் பேச மூன்று பேர், அதைக் கேட்க என் மகள்! உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமை. என்னோடு பத்து நிமிடம், அந்த மூன்று பேரோடு ஆறு மணி நேரம். பெற்றவன் நான், அவர்கள் யார்?

ஒரு வெள்ளிக்கிழமை, “அப்பா, இன்னைக்கு அவங்க நேர்ல பதிவு பண்றாங்க. உங்களுக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன். வாங்கப்பா” என்றாள். பன்னிரண்டு பவுண்டு. நம்ம கணக்குக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேலே. கைபேசியில் சும்மா கிடைக்கிறதைக் காசு கொடுத்து யாராவது பார்ப்பார்களா என்று நானும் அன்றைக்கு இதோ எதிரணி மாதிரிதான் கேட்டேன். அதனால் அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை, நான் படித்துத் தேறிய வகுப்பில் அவர்கள் இப்போது இருக்கிறார்கள். (சிரிப்பு)

வடக்கு லண்டனில் ஓர் இடம். உள்ளே நுழைந்தால், ஐயா, அது மதுக்கடை! அந்த ஊரில் மதுக்கடைக்கு மாடியில் சின்ன நாடகக் கொட்டகை வைப்பது பழைய வழக்கமாம். எனக்குத் தெரியுமா? முனைவர் பட்டம் வாங்கியவன், கல்லூரியில் முப்பது வருஷம் நீதி நூல் நடத்தியவன், வாழ்க்கையில் முதல் தடவையாக மதுக்கடைக்குள் போகிறேன். அதுவும் யார் கூட்டிப் போகிறது? பெற்ற மகள், கையைப் பிடித்து! (நீண்ட சிரிப்பு) “தலையைக் குனிஞ்சுக்கங்கப்பா, படி தாழ்வா இருக்கு” என்றாள். நான் ஏற்கெனவே குனிந்துதான் இருந்தேன்.

மாடியில் எண்பது நாற்காலி இருக்கும். மேலே கூட்டத்தின் தலைக்கு நேராக இரண்டு மைக் தொங்குகிறது. முதலில் ஒருவர் வந்து, “எல்லோரும் கை தட்டுங்கள், ஒலி சரியாக இருக்கிறதா பார்க்க வேண்டும்” என்றார். எதற்கென்று தெரியாமலே தட்டினோம். அது நமக்குப் பழக்கம்தானே. அப்புறம் அந்த மூன்று பேர் வந்தார்கள். என் மகள் முகத்தைப் பார்க்கிறேன். கல்யாண வீட்டில் சித்தப்பாவைப் பார்த்த குழந்தை மாதிரி இருக்கிறாள்! மூன்று வருஷம் காதுக்குள் கேட்ட குரலுக்கு அன்றைக்குத்தான் முகம் கிடைக்கிறது. “அய்யோ, அவர் இவ்வளவு குட்டையாப்பா!” என்கிறாள்.

அன்றைக்குத் தலைப்பு, சிங்கிளேர் சி-5 என்று ஒரு மின்சார மூன்று சக்கர வண்டி. சர் கிளைவ் சிங்கிளேர், கால்குலேட்டர், கணினி எல்லாம் மலிவாகச் செய்து பேர் வாங்கியவர், 1985 ஜனவரியில் அதை அறிமுகப்படுத்தினார். ஜனவரி! இங்கிலாந்தில் எலும்பு நடுங்குகிற மாதம். வண்டிக்குக் கூரை கிடையாது. உட்கார்ந்தால் உங்கள் தலை, பக்கத்தில் வரும் லாரியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த ஆகஸ்டிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இதை அவர்கள் சொல்லச் சொல்ல எண்பது பேரும் சிரிக்கிறார்கள். எனக்கு அந்த ஊர் இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் என் நாற்காலியும் குலுங்கியது, நானும் சிரித்தேன். காதில் கேட்டால் பாதி புரியாமல் அணைத்திருப்பேன். அங்கே பாஷை தெரியாதவனையும் பக்கத்து நாற்காலி கூட்டிக்கொண்டு போகிறது.

நடுவில் ஒருவர் ஒரு பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டார். “மறுபடி எடுக்கிறோம், தயவுசெய்து இரண்டாவது தடவையும் முதல் தடவை மாதிரியே சிரியுங்கள்” என்றார்கள். சிரித்தோம், முன்னைவிடப் பலமாகவே. அப்போது பின்வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். “நான் அந்த வண்டியை வாங்கியவன்” என்றார்! கொட்டகையே எழுந்து திரும்பிப் பார்த்தது. மழையில் நனைந்துகொண்டே வேலைக்குப் போன கதையை அவர் சொன்னார் பாருங்கள், அந்த மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தக் காதுக் கருவியில் ஐயா கேட்கிறவன் பேசி, பேசுகிறவன் கேட்க முடியும்? (கைதட்டல்)

அதற்குப் பிறகுதான் மேடையில் இருந்தவர் கேட்டார், “வேறு யாராவது, உதவாத பொருள் என்று தெரிந்தும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களா?”

என் மகள் கையைத் தூக்கினாள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ஒரு வரி வரவேற்புரை சொல்லச் சொன்னதற்கு இரண்டு நாள் காய்ச்சலில் படுத்த பெண் அவள். எழுந்து நின்றாள். இங்கிலீஷில் சொன்னாள், நான் உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். “நான் இந்த ஊருக்கு வந்தபோது என் அம்மா ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ கொடுத்து அனுப்பினார். எங்கள் ஊர்த் திருநெல்வேலி நிலையம் லண்டனிலும் எடுக்கும் என்று அம்மா நம்பினார்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அந்த ரேடியோவைக் கடையில் பேரம் பேசி வாங்கியவனே நான்தான். “அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. இரவு வேலை முடிந்து காலையில் வந்ததும் அதைப் போடுவேன். ஒன்றும் எடுக்காது, வெறும் இரைச்சல். அதைக் கொஞ்ச நேரம் கேட்பேன். அப்புறம் அதை அணைத்துவிட்டு உங்கள் மூன்று பேரையும் போடுவேன்.”

கொட்டகையில் சத்தமே இல்லை. தொங்குகிற மைக்குக்கு அன்றைக்கு வேலையே இல்லை. அந்தக் குட்டை மனிதர் மெதுவாகச் சொன்னார், “நாங்களும் பல நாள் அந்த இரைச்சல் மாதிரிதான் இருக்கிறோம். வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?” ஒரு விநாடி. முதலில் சிரித்தது என் மகள். அவள் சிரித்த பிறகுதான் மற்ற எண்பது பேரும் சிரித்தார்கள். அந்தப் பாட்டி, யாரென்றே தெரியாது, என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

அந்த ரேடியோ அவளிடம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாதுங்க. அவள் வீட்டில் இருபது நாள் இருந்தேன். படுக்கைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

எதிரணித் தலைவர் எழுதிக்கொள்கிறார். என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும். ‘மூன்று வருஷம் அந்தப் பெண்ணைத் தாங்கியது தனியாகக் காதில் கேட்டதுதானே?’ என்று எழுதுகிறார். நல்ல கேள்வி. ஒப்புக்கொள்கிறேன். அந்த மூன்று பேருக்கும் நான் கடன்பட்டவன். ஆனால் ஐயா, மூன்று வருஷம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வாயைத் திறந்து சொன்னது அந்த மாடியில். அதைப் பெற்ற அப்பன் கேட்டதும் அந்த மாடியில். வீட்டுக்குத் திரும்புகிற பேருந்தில் என்னிடம் அம்மாவைப் பற்றிப் பேசினாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி நாலு நிறுத்தம் போய்விட்டோம்.

இதெல்லாம் ஒரு மாடிக் கொட்டகைக் கதை, எண்பது பேர் கணக்கில் சேர்த்தியா என்று கேட்பீர்கள். நான் ஊர் திரும்பிய பிறகு அதே 2024 அக்டோபரில், லண்டனில் ஓ-2 என்கிற மாபெரும் உள்ளரங்கில், ‘தி ரெஸ்ட் இஸ் பாலிடிக்ஸ்’ என்ற வலையொலிக்காகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். பேசுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் அலஸ்டர் கேம்ப்பெல், தொழிற்கட்சிப் பிரதமர் டோனி பிளேருக்குச் செய்தித் தொடர்பாளராக இருந்தவர். இன்னொருவர் ரோரி ஸ்டூவர்ட், கன்சர்வேடிவ் கட்சியில் அமைச்சராக இருந்தவர். எதிரெதிர் கட்சி! சண்டை போடாமல் மாறுபடுவது எப்படி என்பதுதான் அவர்கள் நிகழ்ச்சியே.   அதைப் பார்க்கப் பத்தாயிரம் பேர். அந்த இரண்டு பேருக்கு நடுவில் ஒரு நடுவரைப் போட்டிருந்தால் அது பட்டிமன்றம். அந்த ஒன்று மட்டும் அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை, நம்மவர் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். (சிரிப்பு)

மணி அடித்துவிட்டார்கள். ஒரே நிமிடம், நடுவர் அவர்களே. ‘ஜஸ்ட் எ மினிட்’.

அந்தப் பதிவு அடுத்த வாரம் கைபேசியில் வந்தது. நானும் அவளும் சோபாவில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காதில் ஒரு மொட்டை மாட்டிக்கொண்டு கேட்டோம். இரண்டு மணி நேரம் நடந்தது நாற்பது நிமிடமாகச் சுருங்கியிருந்தது. வண்டி வாங்கிய பெரியவர் இருந்தார். தப்பாகச் சொன்ன பெயர் இல்லை. என் மகள் பேசியதும் இல்லை! வெட்டிவிட்டார்கள். எல்லாவற்றையும் வைக்க முடியாது, அது அவர்கள் தொழில், குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் இருந்து கேட்ட அத்தனை பேருக்கும், அன்றைக்கு அப்படி ஒன்று நடக்கவே இல்லை. எதிரணி நண்பர்களே, நீங்கள் கேட்டது அந்த நாற்பது நிமிடம். நாங்கள் கேட்டது அந்த இரண்டு மணி நேரம். (பலத்த கைதட்டல்)

எனக்கு முகம் வாடிவிட்டது. அவள் மட்டும், “இருங்கப்பா, இருங்க” என்று பின்னால் தள்ளித் தள்ளி ஓர் இடத்தில் நிறுத்தினாள். பதினேழாவது நிமிடம். மேடையில் ஒருவர் ஏதோ சொல்கிறார், கூட்டம் சிரிக்கிறது, சிரிப்புக்கு நடுவில் ஒரு இருமல். கொக்கு கத்துகிற மாதிரி.

“இது யார் தெரியுதாப்பா? நீங்கதான்!”

என் இருமல்! லண்டன் குளிர் ஒத்துக்கொள்ளாமல் அன்றைக்கு இருமிக்கொண்டே இருந்தேன். நல்ல பேச்சை வெட்டினார்கள், இருமலை விட்டுவிட்டார்கள்.

நான் ஊருக்கு வந்துவிட்டேன். போன வாரம் போனில் கேட்டேன், “அந்த மூணு பேரையும் இப்பவும் கேக்குறியாம்மா?” என்று. “கேக்குறேன்பா. ஆனா வேலை முடிஞ்சு வந்ததும் முதல்ல அந்த பதினேழாவது நிமிஷத்தைத்தான் போடுவேன்” என்றாள்.

(நீண்ட கைதட்டல்)